முகமுகமாய்: தமிழ்க் கிறித்தவ இளையோர் பணியில் இணையத் தொடர்பும் நேரடி உறவும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கிறித்தவ இளையோர் பணியில் கைப்பேசிவழித் தொடர்பு தவிர்க்க இயலாததாகிவிட்டது. அது நேரடி உறவைக் குலைக்கிறதா, வளர்க்கிறதா என்னும் வினா பெரும்பாலும் நேரப் பங்கீட்டுச் சிக்கலாகவே பேசப்படுகிறது. தொலைவிலிருந்து எட்டப்படும் இளைஞரை அவருக்கு அருகிலுள்ள ஒரு மனிதரிடம் கையளிக்கிறதா என்பதே அத்தொடர்பின் உரைகல் என இக்கட்டுரை வாதிடுகிறது. விவிலியத் தமிழ்ச் சொற்கள், உபதேசியார் மரபு, 1959இல் தோன்றிய ஜெபக்குழு இயக்கம், 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு, 2008ஆம் ஆண்டின் எறையூர் நிகழ்வு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இடையஞ்சாவடி முதல் மரக்காணம் வரையிலான கடற்கரைப் பகுதி இக்கட்டுரையின் நிலப்பின்னணியாகும்.

திறவுச்சொற்கள்: இளையோர் பணி, அந்நியோந்நியம், உபதேசியார், வாட்ஸ்அப் குழு, ஊரடங்கு, மரக்காணம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில் நகரை ஒட்டி அமைந்துள்ள ஊர் இடையஞ்சாவடி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் தொடங்கும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே எனக் கருதும் அறிஞர் உண்டு. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த மரபு, பிரிந்திருத்தலையும் செய்திக்காகக் காத்திருத்தலையும் இக்கடற்கரைக்குப் புதியன எனக் கொள்ளாது.

இந்நிலப்பகுதியின் இன்றைய இளைஞருள் சிலர் உப்பளத்திலும் மீன்பிடித் தொழிலிலும் உள்ளனர். சிலர் ஆரோவில் சார்ந்த கைவினைக் கூடங்களுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் செல்கின்றனர். சிலர் புதுச்சேரியிலும் சென்னைப் புறநகரிலும் உள்ள தொழிற்சாலைகளில் முறைமாற்றுப் பணி செய்கின்றனர். இவர்களிடையே கிறித்தவர் சிறுபான்மையினர். ஒரு பங்கின் இளைஞர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடுவது அரிது. ஆதலால் இளையோர் கூட்டத்தின் இடத்தை வாட்ஸ்அப் குழு மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இணையக் கட்டணம் பெருமளவு குறைந்தது இதனை விரைவுபடுத்தியது.

இக்கட்டுரையின் வினா ஒரு சிறு நிகழ்விலிருந்து பிறந்தது. கட்டுரையாளர் உறுப்பினராக இருந்த ஓர் இளையோர் குழுவில் நாள்தோறும் காலையில் வசனப் படம் ஒன்று பகிரப்படும். உறுப்பினர் கைகூப்பிய குறியீட்டை இடுவர். ஓர் இளைஞர் மூன்று வாரங்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் அக்குறியீட்டை இட்டுவந்தார். அம்மூன்று வாரங்களும் அவர் இருசக்கர வாகன விபத்தில் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தார் என்பது பின்னரே குழுவுக்குத் தெரிந்தது. எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழுவின் கணக்கில் அவர் ஒரு நாளும் ‘வராதவர்’ ஆகவில்லை. கட்டுரையாளரும் அந்நாள்களில் அதே குறியீட்டை இட்டு நகர்ந்தவருள் ஒருவர்.

இதனைக் கைப்பேசியின் குற்றமாகக் கொள்வது எளிது. ஆயினும் அக்குழு இல்லாதிருந்தால் அவ்விளைஞரை எவரேனும் தேடிச் சென்றிருப்பர் என்பதற்கும் உறுதியில்லை. எனவே எது எதனைக் கெடுத்தது எனக் கேட்பதைவிட, தொடர்பு எந்த இடத்தில் நின்றுபோயிற்று எனக் கேட்பதே பொருத்தமுடையது.

சொற்கள் காட்டும் வேறுபாடு

திருத்தூதர் பணிகள் 2:42, தொடக்கக்காலக் கிறித்தவர் நிலைத்திருந்த நான்கு செயல்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றைக் குறிக்கும் ‘கொய்னோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘அந்நியோந்நியம்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நட்புறவு’ என்கிறது. யோவானின் முதல் திருமுகத்தில் அதே கிரேக்கச் சொல் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஐக்கியம்’ ஆகிறது. சீர்திருத்தச் சபைகளின் இளைஞர் அமைப்புகள் ‘வாலிபர் ஐக்கியம்’ என வழங்குவது இம்மரபின் தொடர்ச்சியே.

மூன்று தமிழ்ச் சொற்களும் ஒரு பொருளன அல்ல. ‘அந்நியோந்நியம்’ வடமொழியில் ‘ஒருவர்க்கொருவர்’ என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. தமிழ் வழக்கில் அது நெருக்கத்தைக் குறிக்கத் தொடங்கிய பின்னும் அதன் அடியில் பரிமாற்றம் என்னும் பொருள் நிற்கிறது. ஒருவர் மட்டும் பேச, மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பது அந்நியோந்நியம் ஆகாது. அவ்வகையில் பழைய மொழிபெயர்ப்பாளரின் தேர்வு இன்றைய சிக்கலுக்கு ‘நட்புறவு’ என்பதைவிடக் கூர்மையாகப் பொருந்துகிறது என்பது கட்டுரையாளரின் கருத்து.

இன்று இளையோர் பணியில் மிகுதியாகக் கேட்கப்படும் சொல் ‘இணைப்பு’. ‘இணைந்திருங்கள்’ என்று முடியாத அறிவிப்பு அரிது. இச்சொல் மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, தொலைபேசி இணைப்பு ஆகியவற்றின் வழியாகவே அன்றாடப் பேச்சில் வேரூன்றியது. இணைப்பு என்பது ஒரு பொருள் வந்து சேரும் வழி. அதனை வழங்குநர் தருவார்; பயனர் பெறுவார்; கட்டணம் செலுத்தாவிடில் அது துண்டிக்கப்படும். பெறுபவர் வழங்குநரை நலம் விசாரிப்பதில்லை. சொல்லின் வரலாற்றை அளவுக்கு மீறி அழுத்துவது முறையன்று. ஆயினும் பல இளையோர் குழுக்கள் நடக்கும் பாங்கு அந்நியோந்நியத்தைவிட இணைப்பையே ஒத்திருப்பதை மறுப்பதற்கில்லை.

யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்கள் மிகச் சிறியவை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வகையில் முடிகின்றன. எழுத வேண்டியவை பல உள்ளன எனினும் அவற்றை எழுதுபொருள்களைக் கொண்டு எழுத விரும்பவில்லை என்றும், நேரில் வந்து பேச எண்ணியிருப்பதாகவும் அவற்றின் ஆசிரியர் கூறுகிறார். கிரேக்க மூலத்தில் இந்நேர்நிலை ‘வாய்க்கு வாய்’ என்னும் தொடரால் குறிக்கப்படுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ‘முகமுகமாய்’ என மாற்றியது. வாய் செய்தியைத் தரும் உறுப்பு. முகம் ஆளை அறியும் இடம். மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, தமிழ் வாசகருக்கு அவ்வேறுபாடு கிடைத்துவிட்டது.

அவ்வாசிரியர் நேர்முகத்தைப் புகழ்ந்ததும் மடல் வழியாகவே என்பதை மறத்தலாகாது. அவர் மடலைக் கைவிடவில்லை. மடலோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பவுலின் மடல்களும் தனித்துச் செல்லவில்லை. உரோமையருக்கான மடலின் இறுதி இயலில் பெபேயா என்னும் பெண் பரிந்துரைக்கப்படுகிறார். அம்மடலைக் கொண்டு சென்றவர் அவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. தெசலோனிக்காவுக்குத் தாம் செல்ல இயலாதபோது பவுல் முதலில் திமொத்தேயுவை அனுப்பினார். அவர் திரும்பி வந்து கூறிய செய்தியைக் கேட்ட பின்னரே மடல் எழுதினார்.

தமிழ்ச் சிற்றிலக்கியமாகிய தூதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தூது செல்லும் பொருள் கிளியாயினும் நெஞ்சாயினும் தமிழாயினும், அது சென்று தலைவனிடம் மாலை வாங்கி வர வேண்டும் என்பதே வேண்டுகோள். தூது பொருளை எட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. தூதுப்பொருளோடே வாழ்ந்துவிட எண்ணும் தலைவியைத் தமிழ் இலக்கியம் படைக்கவில்லை.

உபதேசியார் முதல் ஜெபக்குழு வரை

தொலைவிலிருந்து நடத்தப்படும் இறைப்பணி தமிழ்க் கிறித்தவத்துக்குப் புதியதன்று. சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். சில ஆண்டுகளில் அங்கு அச்சகம் அமைந்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றது. நூல் ஊர்களுக்குச் சென்றது. ஆனால் தானே செல்லவில்லை. அதனைக் கொண்டுசென்று படித்துக் காட்டியவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், நோயாளியின் வீட்டுக்குச் சென்றவர் உபதேசியாரே. கத்தோலிக்க மதுரைப் பணித்தளத்திலும் இதே நிலைதான். குருக்கள் சிலர், ஊர்கள் பல. குருவானவர் வராத மாதங்களில் சமூகத்தைத் தாங்கியவர் உபதேசியார். வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை 1727இல் இவர்களுக்காகவே எழுதினார் என்பது, அப்பணி எத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

உபதேசியார் மரபில் ஒரு நுட்பம் உண்டு. அவர் தலைமைப் பணியாளர் அல்லர். பெரும் பேச்சாளராக இருக்கவேண்டிய தேவையும் இல்லை. ஊரில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அறிந்தவர் என்பதே அவருடைய தனித்தன்மை. இன்றைய இளையோர் குழுக்களில் செய்தி பகிர்வோர் பலர் உள்ளனர். வராதவரை அறிபவர் எனப் பெயர் சுட்டத்தக்கவர் பெரும்பாலும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு இளைஞர் கையில் புதிய வடிவம் பெற்றது. விடுமுறை வேதாகமப் பள்ளிப் பணியில் ஈடுபட்டிருந்த தமிழக இளைஞர் சிலரின் முயற்சியால் 1959இல் ஃபிரண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் என்னும் ஜெபக்குழு இயக்கம் தோன்றியது. ஆங்காங்கே சிறு குழுக்கள் கூடி இறைவேண்டல் செய்வதே அதன் அடித்தளம். 1967இல் முதல் மிஷனெரி பெரியமலைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் குஜராத்தின் டாங்ஸ் முதலிய தொலைவுப் பகுதிகளுக்குப் பணி விரிந்தது. அதன் இதழாகிய அறைகூவல் தொலைவில் பணிபுரிவோரின் செய்தியைக் குழுக்களுக்குக் கொண்டுவந்தது.

இதன் இயங்குமுறை இன்றைய சூழலுக்கு மிகவும் பொருந்துவது. தொலைவுச் செய்தி அச்சில் வருகிறது. அது தனியாள் படித்து மடித்துவைப்பதற்காக வருவதில்லை. குழுவில் வாசிக்கப்பட்டு வேண்டுதலாக மாறுவதற்கே வருகிறது. அதாவது, செய்தியே கூடுவதற்குரிய காரணம் ஆகிறது. இதழ் வந்து குழு கூடாத ஊரில் அவ்விதழுக்குப் பாதிப் பயனே உண்டு. தொடர்பு ஊடகமும் நேர்முகக் குழுவும் ஒன்றன் நேரத்தை மற்றொன்று பறிக்கும் போட்டியாளராக இன்றி, ஒன்று மற்றொன்றுக்கு வேலை கொடுக்கும் வகையில் அமைந்தன. இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எமில் ஜெபசிங் பின்னாளில் வானொலிப் பணிக்குச் சென்று, விஸ்வவாணி அமைப்பை உருவாக்கியதும் தற்செயலன்று எனத் தோன்றுகிறது. வானொலியைக் கேட்டுக் கடிதம் எழுதியவரை நேரில் கண்டு பேசப் பணியாளர் ஒருவர் வேண்டும் என்னும் புரிதல் ஜெபக்குழு அனுபவத்தோடு ஒத்துப்போவது.

இதனின்று வேறுபட்ட மாதிரி, சென்னையில் 1983இல் டி.ஜி.எஸ். தினகரனின் ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியம் நிறுவிய ஜெபகோபுரம். தொலைபேசியில் அழைப்பவருக்காக எந்நேரமும் வேண்டுதல் செய்வது அதன் வழக்கம். ஊரில் எவரிடமும் சொல்ல முடியாததை முகமறியா ஒருவரிடம் சொல்ல முடிகிறது என்பதே அதன் வலிமை. தேர்வில் தோற்ற மாணவர், மணமுறிவை அஞ்சும் பெண், கடனில் சிக்கியவர் ஆகியோர்க்கு அவ்விடைவெளியே துணிவைத் தரும். இவ்வலிமையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. ஆனால் அழைப்பு முடிந்தபின் அம்மனிதருடைய தெருவில் யார் இருக்கிறார் என்னும் வினாவைத் தொலைபேசியால் தீர்க்க இயலாது. இன்றைய இணையவழிப் பணி இவ்விரு மாதிரிகளின் வழித்தோன்றல். எனினும் ஜெபக்குழுவைவிட ஜெபகோபுரத்தின் சாயலையே அது மிகுதியாகப் பெற்றுள்ளது.

ஊரடங்கு கற்பித்தவை

2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா மூடிய ஆலயங்களில் நடந்தது. தமிழகத்தில் ஊரகப் பகுதிச் சிறு வழிபாட்டுத் தலங்கள் ஜூலையிலும், அனைத்து வழிபாட்டுத் தலங்களும் செப்டம்பர் 1 முதலும் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையின்போது மீண்டும் ஏப்ரல் இறுதி முதல் ஜூலைத் தொடக்கம் வரை மூடப்பட்டன. இலங்கைத் தமிழருக்கு இவ்வனுபவம் ஓராண்டு முன்னரே நேர்ந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உயிரிழந்தனர். மறு ஞாயிறு நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி நடைபெறவில்லை; கொழும்புப் பேராயரின் திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கூடிவருதல் எப்போதும் பாதுகாப்பான செயல் என்பது வசதியான எண்ணம்.

கிறிஸ்டோபர் ஹெலண்ட் 2000ஆம் ஆண்டில் சமயச் செய்தியை இணையத்தில் வைப்பதையும், இணையத்திலேயே சமயச் செயலில் பங்கேற்பதையும் வேறுபடுத்தினார். முன்னது ஒருவழிப்பட்டது, பின்னது பங்கேற்பாளரைச் செயலுக்கு இழுப்பது. ஊரடங்கில் தமிழகப் பங்குகள் பெரும்பாலும் முன்னதையே செய்தன. திருப்பலியையும் ஆராதனையையும் நேரலை செய்தன. இளைஞர் ‘பார்வையாளர்’ எண்ணிக்கையில் அடங்கினர். ஹைடி காம்ப்பெல் இணையக் கிறித்தவக் குழுக்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூல், அக்குழுக்களின் உறுப்பினர் தம் உள்ளூர்ச் சபைக்கு மாற்றாக அன்றித் துணையாகவே அவற்றைக் கொண்டனர் எனக் கண்டது. இம்முடிவைத் தமிழகத்துக்குப் பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளூர் உறவு முன்பே வலுவாக இருந்தவருக்கே இணையம் துணை ஆகும். அது இல்லாதவருக்குத் துணையாக நிற்க அங்கு முதற்பொருள் ஒன்றும் இல்லை.

ஊரடங்கின்போது நேரலையைக் காட்டிலும் எளிய செயல்களே உறவைக் காத்தன என்பது பலரும் அறிந்தது. தனியே இருந்த முதியோருக்கு இளைஞர் மளிகைப் பொருள் வாங்கிக் கொடுத்தனர்; மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படமாகப் பெற்று மருந்தைக் கதவருகே வைத்துச் சென்றனர். இங்குக் கைப்பேசி தூதாக நின்றது, கால்கள் நடந்தன.

உரோமைத் திருஅவையின் நிலைப்பாடு இதில் தொடர்ச்சியுடையது. 2002இல் வெளியான ‘திருஅவையும் இணையமும்’ என்னும் ஏடு, இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என வரையறுத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25இல் கையொப்பமிட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ இணையவெளியை இளைஞர் வாழும் இடமாக ஏற்று, அதன் தனிமைப்படுத்தும் ஆற்றலையும் எச்சரித்தது. அம்மடல் எடுத்துக்காட்டிய கார்லோ அகுதிஸ் 2006இல் 15 வயதில் இறந்தவர். 2025 செப்டம்பர் 7இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ‘இணையப் புனிதர்’ என்னும் பட்டத்தோடு அவர் பெயர் இளையோர் குழுக்களில் வலம்வருகிறது. அவர் தொகுத்த இணையதளத்தின் பொருள் நற்கருணை அற்புதங்கள். இணையத்தில் கிடைக்காத ஒன்றைச் சுட்டவே அவர் இணையத்தைக் கையாண்டார் என்பது அப்பட்டத்தில் மறைந்துவிடுகிறது.

நேர்முகத்தின் மறுபக்கம்

இதுவரை கூறியன நேரடி உறவைத் தூயதாகக் காட்டும் அபாயம் உடையன. இக்கட்டுரையின் நிலப்பகுதியை உள்ளடக்கிய அதே விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த எறையூர் வேறு உண்மையைக் கூறுகிறது. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் ஒரே பங்கினர். ஆலயப் பாதை, இறுதி ஊர்வலம், கல்லறை ஆகியவற்றில் நிலவிய வேறுபாட்டை எதிர்த்துத் தலித் மக்கள் தமக்குத் தனிப்பங்கு கோரினர். 2008 மார்ச் 9இல் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில், தலைமுறைகளாக முகம் பார்த்து வாழ்ந்தவர்களிடையே நிகழ்ந்தது இது. முகமுகமாய் இருத்தல் அந்நியோந்நியத்துக்கு உறுதி அளிப்பதில்லை.

இளையோர் பணியில் இது நுண்ணிய வடிவில் வெளிப்படும். கூட்டம் எத்தெருவில் நடக்கிறது, யார் வீட்டில் தேநீர் தரப்படுகிறது, பாடற்குழுவில் முன்வரிசை யாருக்கு என்பன எழுதப்படாத விதிகள். மாலையில் நடக்கும் கூட்டத்துக்குப் பெண்பிள்ளைகள் வருவது வீட்டாரின் இசைவைப் பொறுத்தது. வந்தாலும் பேசுவோர் ஆண்களே. ஓர் இணையவழி விவிலிய வாசிப்புக் குழுவில் அதே பெண் குரல்பதிவு அனுப்பித் தம் கருத்தைச் சொல்ல முடியும். தெருவைக் கடக்காமல் இரு தெரு இளைஞர் ஒரே பகுதியை வாசிக்க முடியும். இரவுப்பணி முடித்து உறங்கும் தொழிலாளி மாலையில் எழுந்து பதில் எழுத முடியும். இவை சிறியன அல்ல.

ஆனால் அத்தெருவைக் கடக்கும் நாள் வராமலே போகுமானால் இணையக் குழு சாதியைத் தாண்டியதாகாது. சாதியைத் தொந்தரவு செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டதாகும். இரு தெரு இளைஞரும் திரையில் ஓராண்டு வாசித்த பின், ஒருவர் வீட்டில் மற்றவர் அமர்ந்து உண்பது நிகழ்ந்ததா என்பதே கேட்கத்தக்கது.

மற்றொரு பக்கமும் உண்டு. நேர்முகக் கூட்டத்தில் பல கண்கள் உள்ளன, தனிச்செய்தியில் இல்லை. பணிப்பொறுப்பில் உள்ள ஒருவர் பதின்பருவத்தினருக்கு இரவில் அனுப்பும் தனிச்செய்தி, மேய்ப்புப் பணி என்னும் பெயரில் எந்த எல்லைக்கும் செல்லக்கூடும். பாலியல் நோக்குடன் சிறாரை மின்னணு வழியில் தொடர்ந்து தொடர்புகொள்வதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் தொந்தரவாகவே வரையறுக்கிறது. சட்டம் குற்றம் நிகழ்ந்தபின் வருவது. 18 வயது நிறையாதவரோடு தனிச்செய்தி இல்லை, மூன்றாமவர் ஒருவர் காணும் உரையாடல் மட்டுமே என்னும் எளிய விதியை ஒவ்வொரு பங்கும் எழுதிவைத்தல் அதற்கு முந்தையது. இளையோர் பணி குறித்த தமிழ் உரைகளில் இப்பொருள் போதிய இடம் பெறவில்லை. நேரத்தை வீணாக்கும் கருவியாகக் கைப்பேசியைக் கண்டித்துப் பேசுவோர், அதைவிடக் கடிய ஆபத்தைப் பேசாது விடுகின்றனர்.

கையளித்தல்

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, ‘சமநிலை’ என்னும் சொல்லே சிக்கலாகத் தோன்றுகிறது. வாரத்தில் இத்தனை மணி இணையத்தில், இத்தனை மணி நேரில் எனப் பங்கிடும் அறிவுரை மேலைநாட்டு இளையோர் பணி நூல்களினின்று வந்து இங்கும் மேடைகளில் ஒலிக்கிறது. அது சீரான வார அட்டவணை உடையவருக்குப் பொருந்தலாம். உப்பளப் பாத்தி ஞாயிறு அறியாது. தொழிற்சாலை முறைமாற்றுப் பணிக்கும் வழிபாட்டு நேரம் தெரியாது.

மரக்காணக் கடற்கரையின் காலம் வாரமாக அன்றிப் பருவமாக நகர்கிறது. வறண்ட மாதங்கள் உப்பு விளையும் காலம். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கும். தவக்காலமும் உயிர்ப்பு விழாவும் அக்காலத்திலேயே விழும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை. அம்மாதங்களுக்கெனத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளருக்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்குவதும் அதனாலேயே. திருவருகைக் காலம் அதில் அடங்கும். ஆகவே உப்புக் காலத்தில் தொடர்பைக் கைப்பேசி தாங்குவதும், மழைக்காலத்தில் குழு நேரில் கூடுவதும் இந்நிலத்துக்கு இயல்பாகப் பொருந்தும். பங்குகளின் ஆண்டுத்திட்டம் இதற்கு நேர்மாறாக, கோடை விடுமுறையில் முகாமையும் மழைக்காலத்தில் ஓய்வையும் வைப்பது பள்ளி மாணவரை மட்டுமே இளைஞராகக் கண்டதன் விளைவு.

இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய பெல்ஜிய குரு ஜோசப் கார்டைன், தொழிலாளருக்குத் தொழிலாளரே திருத்தூதர் என்றார். காணுதல், தீர்மானித்தல், செயல்படுதல் என்னும் அவரது முறையில் முதற்படியாகிய காணுதல் அவ்விடத்தில் இருப்பவருக்கே இயலும். உப்புநீரில் வெடித்த பாதத்தைத் திரையில் பகிரப்படும் வசனப் படம் காணாது. உடன் வேலை செய்பவர் காண்பார். அவர் கண்டதைக் குழுவில் உள்ள மற்றவருக்குத் தெரிவிக்கக் கைப்பேசி உதவும். இவ்வரிசை தலைகீழாகும்போதுதான் உறவு மெலிகிறது.

வாட்ஸ்அப் குழுவில் இன்று 1024 பேர் வரை சேரலாம். அத்தகைய குழு அறிவிப்புப் பலகையாகப் பயன்படும். உபதேசியாரின் பணியைச் செய்யாது. எட்டு அல்லது பத்துப் பேருக்கு ஒருவர் எனப் பொறுப்பேற்று, யார் மூன்று நாள்களாகப் பேசவில்லை என்பதையும், யார் வெறும் குறியீடு மட்டும் இடுகிறார் என்பதையும் கவனித்து, அழைத்துப் பேசி, தேவையெனில் சென்று பார்ப்பதே தேவை. இதற்கு இறையியல் பட்டம் வேண்டா, மிதிவண்டி போதும்.

ஊர் விட்டுச் செல்லும் இளைஞரிடத்தில் இது கடினமாகிறது. பங்கு மாறிச் செல்பவரிடம் புதிய ஊரின் சபைக்குக் கடிதம் கொடுத்தனுப்பும் வழக்கம் முன்னர் வலுவாக இருந்தது. அக்கடிதம் ஒருவரை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றியது. இன்று இடையஞ்சாவடியிலிருந்து ஒருவர் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குச் சென்றாலும் ஊர்க்குழுவிலேயே தொடர்கிறார். அவர் போய்விட்டதாக எவருக்கும் தோன்றாததால், ஒரகடத்தில் எவருக்கும் அவர் வந்ததாகத் தெரிவதில்லை. அவர் பெயரையும், அவர் இசைவுடன் தங்குமிடத்தையும் அங்குள்ள பங்கின் இளைஞர் ஒருவருக்குத் தெரிவிக்கச் சிறிது நேரமே ஆகும். விடுதி அறையின் கதவைத் தட்டும் வேலை அதன் பின்னர் அவ்விளைஞருடையது.